தலைமைப் பயிற்சிக்கு ஐந்து நாள் போய்வந்தேன்: இந்தப் பல்கலைக்கழக ஆய்வு மையங்களால் பள்ளிக்கு என்ன கிடைக்கிறது?

சாக்பீஸ்_டெல்லி | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். தென்மேற்கு டெல்லியில் ஒரு அரசுப் பள்ளியில் வைஸ் பிரின்சிபல். பிரின்சிபல் நாற்காலி இரண்டு வருஷமாகக் காலி, அதனால் எச்.ஓ.எஸ். (பள்ளித் தலைவர்) முத்திரையும் என் மேஜையில்தான். எங்களுடையது காலை ஷிப்ட், பெண்கள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் அதே கட்டடத்துக்குள் பையன்கள் நுழைவார்கள்.

போன மாதம் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் ஐந்து நாள் தலைமைத்துவப் பயிற்சி. பெயர் வேண்டாம். ஏசி ஹால், கழுத்தில் அட்டை, வட்ட மேஜை. முதல் நாள் முழுக்க "உங்கள் பள்ளியின் தொலைநோக்கு என்ன" என்று சார்ட்டில் மரம் வரைந்தோம். நான் கிளைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது பியூன் போன் செய்தார்: மோட்டார் எரிந்துவிட்டது, டாங்க்கில் தண்ணீர் இல்லை.

மூன்றாம் நாள் கையைத் தூக்கிக் கேட்டேன். "ஆறாம் வகுப்புக்கு வரும் என் பெண்களில் பாதிப் பேருக்கு ஒரு பத்தி ஹிந்தி வாசிக்க வரவில்லை. எச்.ஓ.எஸ். முதலில் என்ன செய்ய வேண்டும்?" ரொம்ப நல்ல கேள்வி என்றார் ரிசோர்ஸ் பர்சன். ஒரு மஞ்சள் தாளில் எழுதி, சுவரில் 'பார்க்கிங் லாட்' என்று தலைப்பிட்டிருந்த சார்ட்டில் ஒட்டினார். கடைசியில் பேசலாம் என்றார். ஐந்தாம் நாள் மதியம் சான்றிதழ், குரூப் போட்டோ. ஒரு பையன் வந்து அந்தச் சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனான். என் மஞ்சள் தாளும் உள்ளேதான் இருந்தது.

கோபத்தில் எழுதவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். டெல்லியில் இத்தனை ஆய்வு மையங்கள் இருக்கின்றன. கல்விக் கொள்கையை இவர்கள் உருவாக்குகிறார்களா, இல்லை மேலே யாரோ எழுதியதற்கு முத்திரை குத்துகிறார்களா? என் பள்ளிவரை வந்து சேர்ந்தது எது?

மயூர்விஹார்_அப்பா | ஞாயிறு, இரவு 11.05

சமோசா சூடாக இருந்ததா மேடம்? அதைச் சொல்லவே இல்லையே.

பழைய_புள்ளி | திங்கள், காலை 6.15

ரிட்டையர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன் வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு மையத்தில் புள்ளிவிவரப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். சுருட்டிய சார்ட்டுகளை நானும் பார்த்திருக்கிறேன் அம்மா. ஒரு பீரோ நிறைய இருந்தது.

ஆனாலும் "என் பள்ளிவரை வந்து சேர்ந்தது எது" என்றீர்களே, அதற்கு ஒரு பதில் உங்கள் ஆபீஸ் சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் பதினொரு இலக்க யூடைஸ் எண். டெல்லி என்பதால் 07 என்று தொடங்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33.

அது எங்கிருந்து வந்தது? அரவிந்தோ மார்க்கில் என்.சி.இ.ஆர்.டி.க்குப் பக்கத்தில் இருக்கும் நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம். 1962இல் யுனெஸ்கோ உதவியோடு ஆசிய நாடுகளின் கல்வித் திட்ட அதிகாரிகளுக்குப் பயிற்சி தர ஆரம்பித்த இடம். 1979இல் தேசிய நிறுவனமானது, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 90களின் நடுவில் மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தபோது, பள்ளி பள்ளியாகக் கணக்கெடுக்கும் டைஸ் முறையை அங்கேதான் உருவாக்கினார்கள். அதற்கு முன்னால் மாநிலங்களிலிருந்து மொத்தக் கணக்குதான் வரும், அதுவும் வருஷக்கணக்கில் தாமதமாக. மாவட்டத்தில் மொத்தம் எத்தனை ஆசிரியர் என்று தெரியும். ஒரே ஆசிரியரோடு எந்த ஊர்ப் பள்ளி நடக்கிறது என்பது தெரியாது. டைஸ் வந்தபின் ஓராசிரியர் பள்ளி எது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லாத பள்ளி எது என்று பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. 2012-13இல் உயர்நிலை, மேல்நிலையையும் சேர்த்து யூடைஸ் ஆனது. பிறகு அமைச்சகமே எடுத்துக்கொண்டது.

முத்திரை குத்துவதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை எண்ணுவது என்று தீர்மானிப்பவனிடம் ஒரு அதிகாரம் இருக்கிறது. உரத்த குரலில் பேசாத அதிகாரம்.

சாக்பீஸ்_டெல்லி | திங்கள், இரவு 9.50

சார், யூடைஸ் படிவத்தை நிரப்புவது நான்தான். நூலகம் இருக்கிறதா என்று கேட்கும், எத்தனை புத்தகம் என்று கேட்கும். சாவி யாரிடம் என்று கேட்காது. நான் வந்து சேர்ந்த வருஷம் அந்தச் சாவி மாலை ஷிப்ட் ஸ்டோர் கீப்பரின் சட்டைப்பையில் இருந்தது.

முனிர்கா_ஆய்வு | திங்கள், இரவு 11.30

ஜே.என்.யூ.வில் கல்வியியலில் முனைவர் பட்டம் செய்கிறேன். பழைய_புள்ளி சார் சொன்னதோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

எண்ணிக் கொடுத்துவிட்டால் கொள்கை மாறிவிடுமா? எங்கள் ஜாகிர் ஹுசைன் மையத்தின் கதையே இருக்கிறது. அங்கே இருந்த தபஸ் மஜும்தார் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தலைமையில் அரசே ஒரு குழு போட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டாம் வகுப்புவரை தரமான படிப்பு கொடுக்க எவ்வளவு ஆகும் என்று 1999இல் கணக்குச் சொன்னார்கள்: பத்து வருஷத்துக்குக் கூடுதலாக ஏறக்குறைய 1.37 லட்சம் கோடி ரூபாய். அசைக்க முடியாத கணக்கு. 2002இல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 2009இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தது. பணம் மட்டும் அந்தக் கணக்குப்படி வரவே இல்லை. அதற்கும் முன்னால் நாட்டின் கல்வி முழுவதையும் ஆராய அரசு போட்ட 1964-66 கோத்தாரி கமிஷன். தலைவர் கோத்தாரியே டெல்லி பல்கலைக்கழக இயற்பியல்காரர். தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்றார்கள். 2020 கொள்கையிலும் அதே 6 சதவீதம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது மாதிரி, கொள்கைக்குக் கொள்கை வைத்துக்கொண்டே போகிறோம். பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் 'பள்ளி வளாகம்' ஆக்குவது என்கிறார்களே, அதுவும் கோத்தாரி சொன்னதுதான்.

என் வழிகாட்டி சொல்வார், ஆராய்ச்சியாளரின் வாக்கியத்தை எடுத்துக்கொள்வார்கள், கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று.

ஒரு பல்கலைக்கழகம் பள்ளிக்குள் நேராகக் கைவைத்தது என்றால் எனக்குத் தோன்றுவது பி.எல்.எட். 1994இல் டெல்லி பல்கலைக்கழகம் தொடங்கிய நான்கு வருஷப் படிப்பு. தொடக்கப் பள்ளி டீச்சராவதற்குப் பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருஷ டிப்ளமோ போதும் என்றிருந்த காலத்தில், சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தர இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும் என்றார்கள். இப்போது புதிய ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்பு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தனி இழைக்கான அழுகை.

மயூர்விஹார்_அப்பா | செவ்வாய், காலை 8.20

டீச்சர்கள் பயிற்சிக்குப் பின்லாந்து போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்களே, அது என்ன ஆச்சு?

நெறியாளர் | செவ்வாய், காலை 9.00

பின்லாந்து பயணம், துணைநிலை ஆளுநர், கட்சிகள் குறித்து வந்த ஏழு பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். அதற்கு வேறு இழை இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

எண்கணக்கு | செவ்வாய், இரவு 10.15

குர்காவ்ன்வாசி, பொருளாதாரம் படித்தவன். சாக்பீஸ் மேடம், நீங்கள் 'ஷாலா சித்தி' நிரப்பியிருப்பீர்களே? 7 துறை, 46 அளவுகோல், பள்ளி தனக்குத்தானே மதிப்பெண் போட்டு மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும். 2015இல் நீபா வழியாகத் தேசிய அளவில் வந்தது. பள்ளித் தலைமைக்கு இதைவிட நேரான தலையீடு இந்தியாவில் வேறு நடந்ததாகத் தெரியவில்லை.

இதன் முன்னோடி ஒன்று மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் என்ற பொருளியலாளர்கள் இருவரும் 1,774 பள்ளிகளில் அதைச் சோதித்தார்கள். குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்குத் திட்டம், சிலவற்றுக்கு இல்லை. 2020இல் முடிவு வெளியானது. மதிப்பீட்டுப் படிவங்களை ஏறக்குறைய எல்லாரும் ஒழுங்காக நிரப்பியிருந்தார்கள். தரப்பட்டியலும் நியாயமாகவே இருந்தது. மோசமான பள்ளி நிஜமாகவே மோசமான பள்ளிதான். பிள்ளைகளின் படிப்பில் வித்தியாசம்? இல்லை. ஆசிரியர் வருகையில்? இல்லை. பள்ளி நடக்கும் விதத்தில்? அதிலும் இல்லை. அதற்குள் திட்டம் வெற்றி என்று பேராகி, அதே சாயலில் நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போய்விட்டது.

ஏன் பலிக்கவில்லை? மேம்பாட்டுத் திட்டம் எழுதியாயிற்றா என்று கேட்க ஆள் இருந்தது. எழுதியபடி நடந்ததா என்று கேட்கவும் ஆள் இல்லை, நடந்தால் யாருக்கும் லாபமில்லை, நடக்காவிட்டால் நஷ்டமும் இல்லை. கீழே இருப்பவர்களுக்கு அது இன்னொரு பேப்பர்.

இதையும் பல்கலைக்கழகக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு மையம் கட்டுகிறது, இன்னொரு மையம் தட்டிப் பார்க்கிறது. தட்டிப் பார்த்த சத்தம் வருவதற்குள் கிருகப்பிரவேசம் முடிந்துவிட்டது.

பழைய_புள்ளி | புதன், காலை 5.55

கிருகப்பிரவேசம் என்றதும் சிரித்தேன், பிறகு கொஞ்சம் வலித்தது. எங்களில் பலர் அந்தச் சந்தேகத்தைக் கூட்டங்களில் சொல்லாமல் இருந்தவர்கள். நானும்தான். மார்ச் 31க்குள் திட்டப் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்றால், "இன்னும் ஒரு வருஷம் சோதித்துப் பார்க்கலாம்" என்று சொல்பவனை யாருக்கும் பிடிக்காது.

மயூர்விஹார்_அப்பா | புதன், மதியம் 1.10

இனிமேல் கிண்டல் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் ஏழைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அசோசியேஷன் மீட்டிங்கில் எங்கள் பிளாக் ஆட்கள் முணுமுணுக்காத மாதம் இல்லை. நானும் முதல் வருஷம் முணுமுணுத்தவன்தான். இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

எண்கணக்கு | புதன், இரவு 9.30

ஆராய்ந்திருக்கிறார்கள், உங்கள் டெல்லியிலேயே. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே, 2007இல், இங்கே பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கௌதம் ராவ் என்ற பொருளியலாளர் இந்தப் பள்ளிகளுக்குள் போனார். சில பள்ளிகளில் சேர்ந்து படிக்கும் குழுவைப் பெயரின் அகரவரிசைப்படி பிரிப்பார்கள். அதனால் எந்தப் பணக்காரப் பையனுக்கு ஏழைத் தோழன் அமைவான் என்பது பெயரின் முதலெழுத்தைப் பொறுத்தது. ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டாம்.

ஒரு ரிலே ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். ஜெயித்தால் காசு. கூட்டாளியாக வேகமாக ஓடும் ஏழைப் பையனை எடுக்கலாம், மெதுவாக ஓடும் பணக்காரப் பையனையும் எடுக்கலாம். யாரை எடுக்கிறோமோ அவனோடு பிறகு கொஞ்ச நேரம் சேர்ந்து விளையாட வேண்டும். ஏழைத் தோழர்களோடு படித்தவர்களிடம் பாகுபாடு குறைவாக இருந்தது. தானம் செய்வதிலும் தாராளம். மதிப்பெண்ணில் பெரிய இழப்பு இல்லை, ஆங்கிலத்தில் மட்டும் லேசான சறுக்கல். 2019இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வந்தது.

உங்கள் மீட்டிங்கில் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலச் சறுக்கலை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்று ஒரு சமோசா பந்தயம்.

தாராவி_டீச்சர் | வியாழன், மாலை 6.45

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது பேரனைப் பார்த்துக்கொள்ள ஜனக்புரியில். சாக்பீஸ், உன் மஞ்சள் தாள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன்.

2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் 'பால்சகி' என்று ஒன்று நடந்தது. பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்தியது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் அளந்தார்கள். பேட்டையிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்ணைப் பிடித்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய இருபது பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து, தினம் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அந்தப் பெண் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தில் செருப்பு அடுக்கியிருக்கும். நாங்கள் டீச்சர்கள், பயிற்சி பெற்றவர்கள், கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம். பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தபோது வாயை மூடிக்கொண்டோம்.

எண்கணக்கு | வியாழன், இரவு 10.05

அம்மா சொன்னதன் அடுத்த பாகம்தான் சாக்பீஸ் மேடத்துக்கு வேண்டியது. அதே முறையைப் பிறகு அரசு ஆசிரியர்களை வைத்துச் செய்யப் பார்த்தார்கள். பீகாரிலும் உத்தராகண்டிலும் பயிற்சியும் புத்தகமும் கொடுத்துவிட்டு வந்தபோது, வழக்கமான வகுப்புக்குள் அது கரைந்துபோனது. பக்கத்து ஹரியானாவில் 2012-13இல் பலித்தது. எப்படி? தினம் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கினார்கள், வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள்: மேற்பார்வை செய்யப்போகும் வட்டார ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாங்களே 15, 20 நாள் அந்த வகுப்பை எடுத்துப் பார்த்தார்கள். அப்புறம்தான் மற்றவர் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

தலைமைத்துவம் பற்றி நான் வாசித்ததில் மரம் வரையாத ஒரே பயிற்சி அதுதான்.

ஊர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றது கணக்கு.

சாக்பீஸ்_டெல்லி | வெள்ளி, இரவு 11.20

டெல்லியிலும் 2016இல் 'சுனௌத்தி' என்று அதே யோசனை வந்தது. ஆறாவது முதல் எட்டாவதுவரை பிரதிபா, நிஷ்டா, நியோ நிஷ்டா என்று பிரித்தோம். பெயர் எவ்வளவு கௌரவமாக வைத்தாலும் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் போதும், எது எது என்று தெரிந்துகொள்ள. ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், நான் நியோவா, நிஷ்டாவா? அம்மா கேட்டால் என்ன சொல்ல?" என்றாள். அப்போது நான் டீச்சர். பதில் சொல்லாமல் தலையைத் தடவி அனுப்பினேன். இன்றும் அது உறுத்துகிறது.

ஆனால் அவள் அந்த வருஷம் வாசித்தாள். இதையும் சொல்ல வேண்டும்.

ஹரியானா விஷயம்தான் மண்டைக்குள் சுற்றுகிறது. எச்.ஓ.எஸ். ஆனபின் நான் கடைசியாக எப்போது ஒரு வகுப்பு முழுதாக எடுத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பழைய_புள்ளி | சனி, காலை 6.05

ஞாபகத்தை நம்ப வேண்டாம். பன்னிரண்டு வேலை நாள், அரை மணிக்கு ஒரு கட்டம், என்ன செய்தீர்கள் என்று ஒரே வார்த்தை. பொய் எழுதக்கூடாது. வெட்கமாக இருந்தாலும் எழுதுங்கள்.

முனிர்கா_ஆய்வு | சனி, காலை 10.30

அக்கா, இதைச் செய்தால் நான் தொகுத்துத் தருகிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன், சத்தியம்.

சாக்பீஸ்_டெல்லி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

பன்னிரண்டு நாள் முடிந்தது. தங்கை முனிர்கா கூட்டிப் போட்டுக் கொடுத்தாள். மொத்தம் 72 மணி நேரம். சர்க்குலர், வாட்ஸ்ஆப்பில் வரும் 'இன்றே அனுப்பவும்' பதில்கள், ஆன்லைன் பதிவு: 23. பில், சம்பளம், கையெழுத்து: 14. கட்டடம், தண்ணீர், மின்சாரம், குரங்கு: 8. (குரங்கு மட்டும் இரண்டரை. டெல்லிக்காரர்களுக்குப் புரியும்.) பெற்றோர்: 9. மீட்டிங், வெளியே: 10. வராண்டாவில் ரவுண்ட்: 5. வகுப்பறைக்குள் உட்கார்ந்தது: மூன்று மணி நேரம். அதில் ஒன்றரை, கேமரா பொருத்த வந்தவரோடு.

இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பிறகு சர்க்குலர் வேலையில் ஆறு ஐட்டத்தை ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்தேன். அவர் முகம் சுளித்தார், எடுத்துக்கொண்டார். நாளையிலிருந்து இரண்டாவது பீரியட் ஆறாம் வகுப்பு பி பிரிவு எனக்கு. நூலகத்தில். சாவி இப்போது என் பையில்.

தாராவி_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.00

முதல் நாள் புத்தகத்தைத் திறக்காதே. அவர்கள் பெயரைப் பலகையில் எழுது. தன் பெயரை வாசிக்காத பிள்ளை இல்லை.

மயூர்விஹார்_அப்பா | ஞாயிறு, இரவு 8.40

சமோசா பந்தயத்தில் எண்கணக்கு ஜெயித்தார். ஆங்கிலச் சறுக்கலை மட்டும்தான் பிடித்துக்கொண்டார்கள். கரோல் பாக் பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

பழைய_புள்ளி | திங்கள், காலை 5.50

அம்மா, அந்தக் கட்டம் போட்ட தாளை எனக்கு அனுப்புங்கள், பெயரையும் பள்ளியையும் அடித்துவிட்டு. பழைய இடத்தில் இன்னும் இரண்டு பேருக்கு என்னைத் தெரியும். யூடைஸில் சேர்க்கச் சொல்ல என்னால் முடியாது. அடுத்த பயிற்சிக்கு வரும் நாற்பது எச்.ஓ.எஸ்.களும் இதே தாளை நிரப்பிக்கொண்டு வரட்டும் என்று கேட்டுப் பார்க்க முடியும். முதல் நாள் மரத்துக்குப் பதில் அதை விரித்து வைக்கட்டும்.

குரங்குக்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டேன்.

சாக்பீஸ்_டெல்லி | திங்கள், மதியம் 1.15

முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். பெயர் எழுதினேன். ஒருத்தி, "மேடம், என் பேர்ல இந்த எழுத்து தப்பு" என்று எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கித் திருத்தினாள்.

இரண்டு தடவை ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். போகவில்லை.